ஐரோப்பாவுக்குப் பற்றரி அனுப்பும் யாழ்ப்பாணப் பட்டறைகளுக்கு: மூலப்பொருள் கேள்விக்கொத்தை நிரப்புவது எப்படி

ஜேர்மனியில் இருந்தோ பிரான்ஸில் இருந்தோ சோலார் விளக்குக்கு, மின்சைக்கிள் பற்றரிக்கு ஓடர் வருகிறது. விலை பேசி, மாதிரி அனுப்பி, எல்லாம் சரி என்று இருக்கும் நேரத்தில் ஒரு எக்செல் கோப்பு வந்து சேரும். உங்கள் பற்றரியில் உள்ள கோபால்ட் எந்த நாட்டில் வெட்டியது, யார் சுத்திகரித்தது, அங்கே சிறுவர்கள் வேலை செய்கிறார்களா என்று அதில் கேட்டிருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து செல் கோத்துப் பற்றரி செய்யும் ஒருவர் இதற்கு எங்கே போய் விடை தேடுவது? இந்தக் கோப்போடு நானும் நிறைய மல்லுக்கட்டினேன். தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அடுத்தவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலே மனதில் வையுங்கள். எல்லாக் கேள்விக்கும் உங்களிடம் விடை இருக்கும் என்று கொள்வனவாளரும் எதிர்பார்ப்பதில்லை. யாரிடம், எந்தத் திகதியில், என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்ற எழுத்துத் தடயம்தான் அவருக்கு வேண்டும். "தெரியாது, கேட்டிருக்கிறேன், இதோ கடிதம்" என்ற பதிலை அவரால் தன் கணக்காய்வாளரிடம் காட்ட முடியும். ஆதாரம் இல்லாத "ஆம்" என்ற பதில் அவரையும் மாட்டிவிடும், உங்களையும் மாட்டிவிடும்.

1. சட்டம் யாரைப் பிடிக்கிறது என்று பாருங்கள்

கேள்விகளின் மூலம் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1542 இலக்கப் பற்றரி ஒழுங்குவிதி. கோபால்ட், நிக்கல், லித்தியம், இயற்கைக் கிராபைட் ஆகிய நான்கும், பற்றரிக்குள் வேலை செய்யும் பொருளைத் தயாரிக்க இவற்றிலிருந்து எடுக்கும் சேர்வைகளும் அதில் அடங்கும். பற்றரியை ஐரோப்பியச் சந்தையில் முதன்முதல் இறக்கும் கொம்பனி இவை வந்த வழியைத் தேடி, ஆபத்தை இனங்கண்டு, வெளியாரைக் கொண்டு சரிபார்ப்பித்து, அறிக்கை வெளியிட வேண்டும். இந்தப் பகுதி 2025 ஓகஸ்ட் 18இல் தொடங்க இருந்தது. இரண்டு ஆண்டு தள்ளிவைத்ததால் இப்போது திகதி 2027 ஓகஸ்ட் 18.

ஆண்டு விற்பனை 40 மில்லியன் யூரோவுக்குக் குறைந்த கொம்பனிக்கு இந்தக் கடமை இல்லை. பெரிய குழுமம் ஒன்றின் பகுதியாக இருந்தால் குழுமத்தின் மொத்தக் கணக்கைப் பார்ப்பார்கள். எல்லையை 150 மில்லியனுக்கு உயர்த்தும்படி 2025 மே மாதம் ஐரோப்பிய ஆணைக்குழு முன்மொழிந்தது. எப்படிப் பார்த்தாலும் யாழ்ப்பாணத்துப் பட்டறை எதுவும் இந்தக் கணக்குக்குள் நேரடியாக வராது. எங்களிடம் கேள்வி வருவது ஒப்பந்தம் வழியாக. ஆகவே கொள்வனவாளரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: "உங்களுக்கே சட்டக் கடமை இருக்கிறதா, அல்லது உங்கள் வாடிக்கையாளர் கேட்பதால் கேட்கிறீர்களா?" பாரிஸில் கடை வைத்திருக்கும் எங்கள் ஆள் ஒருவர் இறக்குமதி செய்கிறார் என்றால் அவரும் பெரும்பாலும் விலக்குக்குள்தான் இருப்பார். அப்போது வேலை பாதியாகக் குறையும்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு.

இந்த விலக்கு மூலப்பொருள் தேடலுக்கு மட்டும். பொருள் ஐரோப்பிய விதிகளுக்கு அமைவானது என்று காட்டும் சிஇ குறி 2024 ஓகஸ்ட் 18 முதல் கட்டாயம். பாவித்து முடிந்த பற்றரியைத் திரும்பச் சேகரிக்கும் உற்பத்தியாளர் பொறுப்பு 2025 ஓகஸ்ட் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. மின்சைக்கிள் பற்றரிக்கு 2027 பெப்ரவரி 18 முதல் கியூஆர் குறியீட்டோடு, பற்றரியின் விவரங்கள் அடங்கிய டிஜிற்றல் கடவுச்சீட்டும் வேண்டும். "சின்னக் கடைதானே" என்று இவற்றை விட்டால் சரக்கு சுங்கத்தில் நிற்கும்.

மற்றது பழைய செல். முன்பு சந்தைக்கு வந்து, பிறகு மறுபாவனைக்குத் தயார்செய்த பற்றரிகளுக்கு விலக்கு இருப்பது உண்மை. இங்கே பழைய லப்ரொப்பில் இருந்து கழற்றிய செல்லுக்கும் அது பொருந்தும் என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள். கொள்வனவாளரின் சட்டத்தரணி எழுத்தில் சொல்லட்டும்.

2027 வரை நேரம் இருக்கிறதே என்று ஆறுதல்படவும் முடியாது. கொள்வனவு வழியில் மனித உரிமை மீறல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் ஜேர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒன்றியத்தில் இல்லாத சுவிற்சர்லாந்திலும் மோதல் பிரதேசக் கனிமங்கள், சிறுவர் உழைப்பு பற்றிய ஒழுங்குவிதி 2022 முதல் இருக்கிறது. பெரிய கொம்பனிகள் இவற்றுக்காக ஏற்கனவே கேட்கின்றன.

2. செல்லுக்குள் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

நீங்கள் விற்கும் ஒவ்வொரு மொடலுக்கும் ஒரு தாள் வையுங்கள். செல்லின் வகை, தயாரித்த கொம்பனி, மொடல் இலக்கம், தொகுதி இலக்கம், ஒரு பற்றரியில் எத்தனை செல் என்பவை அதில் இருக்கட்டும்.

என்எம்சி (நிக்கல், மங்கனீஸ், கோபால்ட்) செல் என்றால் கதோட் என்ற முனையில் நிக்கல், கோபால்ட், லித்தியம் மூன்றும் உண்டு, மறுமுனையான அனோட்டில் கிராபைட். எல்எஃப்பி (லித்தியம், இரும்பு, பொஸ்பேற்) செல்லில் கோபால்ட்டும் நிக்கலும் இல்லை. "எங்களுடையது எல்எஃப்பி, எங்களுக்கு இது தேவையில்லை" என்று பலர் சொல்வது இதை வைத்துத்தான். லித்தியமும் கிராபைட்டும் அதிலும் இருப்பதால் கேள்வி போகாது. லித்தியம் இல்லாத நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் செல்லில் நிக்கல் நிறையவும் கோபால்ட் கொஞ்சமும் இருக்கிறது. இன்வேட்டருக்குப் பூட்டும் ஈய அமிலப் பற்றரிக்கு மட்டும் நான்குக்கும் "இல்லை" என்று எழுதிவிட்டுப் போகலாம்.

கிராபைட் விஷயத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். செல் விவரத் தாள்களில் பெரும்பாலும் "அனோட்: கிராபைட்" என்று ஒரே வரிதான் இருக்கும். ஒழுங்குவிதி பிடிப்பது மண்ணில் வெட்டியெடுக்கும் இயற்கைக் கிராபைட்டை மட்டும். பெற்றோலியக் கோக்கைச் சுட்டுச் செய்யும் செயற்கைக் கிராபைட் அதற்குள் வராது. இரண்டையும் கலந்து பாவிப்பவர்களும் உண்டு. எது, எத்தனை வீதம் என்று செல் தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். அந்த ஒரு வரி கிடைத்தால் சில வேளை கேள்விக்கொத்தின் ஒரு பகுதியே தேவையில்லாமல் போகும். (எங்கள் நாட்டிலும் போகலவிலும் கஹட்டகஹவிலும் நிலத்துக்கடியில் இயற்கைக் கிராபைட் எடுக்கிறார்கள். அதை வாங்கி விற்பவர் யாராவது இதை வாசித்தால், 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல், சுரங்கப் பணியகம் தரும் அகழ்வு, வியாபார, போக்குவரத்து, ஏற்றுமதி அனுமதிகள்தான் உங்கள் அடிப்படைக் கடதாசி.)

பலரும் மறப்பது ஒட்டுப்பட்டி. செல்லையும் செல்லையும் இணைக்க ஸ்பொட் வெல்டிங் செய்யும் அந்த மெல்லிய தகடு சுத்த நிக்கலா, நிக்கல் பூசிய இரும்பா? அது செல்லோடு வருவதில்லை. பட்டறை தனியாக வாங்குவது. அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். எல்எஃப்பி பற்றரிக்கு நிக்கல் "இல்லை" என்று போட்டுவிட்டு, நிக்கல் பட்டி வாங்கிய பில்லைக் கோவையில் வைத்திருந்தால் கணக்காய்வாளர் அங்கேதான் விரல் வைப்பார். பட்டி இருக்கிறது என்று கொள்வனவாளருக்கு அறிவியுங்கள். அதை எந்த வகையில் சேர்ப்பது என்பதை அவர் சொல்லட்டும். பற்றரியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகையான பிஎம்எஸ்ஸில் உள்ள ஈயப்பற்று, தங்கப் பூச்சு ஆகியவற்றுக்கு வேறு படிவம் இருக்கிறது. தகரம், தந்தாலம், தங்குதன், தங்கம் நான்குக்குமான அந்தப் படிவத்தின் பெயர் சிஎம்ஆர்ரி. கேட்டால் மட்டும் நிரப்புங்கள்.

3. செல் விற்றவரிடம் கேட்க வேண்டியவை

ஒரே மின்னஞ்சலில், இலக்கமிட்டு, இவற்றைக் கேளுங்கள்: நீங்கள் வாங்கும் அந்த செல் மொடலுக்கு உரிய ஈஎம்ஆர்ரி கோப்பு (கனிமங்கள் வந்த வழியைச் சொல்லும் எக்செல் படிவம், 4ஆம் பகுதியில் விளக்கம் இருக்கிறது), ஒரு செல்லில் நான்கு பொருட்களின் நிறை அல்லது வீதம், கதோட் பொருளையும் அனோட் பொருளையும் செய்து கொடுத்த கொம்பனிகளின் பெயரும் முகவரியும், மூலப்பொருள் வெட்டிய நாடு, அவர்களின் மூலப்பொருள் கொள்கை, மூன்றாம் தரப்புக் கணக்காய்வு அறிக்கை இருந்தால் அதன் பிரதி. ஒழுங்குவிதியும் ஏறத்தாழ இதே விவரங்களைத்தான் கேட்கிறது. வட்ஸ்அப்பில் கேட்டால் பதில் விரைவாக வரும். ஆனால் பிறகு மின்னஞ்சலிலும் வாங்கிவிடுங்கள்.

பதிலாகப் பெரும்பாலும் ஒரு கட்டுச் சான்றிதழ் வரும். யூஎன் 38.3 சோதனை அறிக்கை, எம்எஸ்டிஎஸ் (பொருளின் பாதுகாப்பு விவரத் தாள்), ரோஸ் (நச்சுப் பொருள் கட்டுப்பாடு), ஐஎஸ்ஓ 9001, ஐஎஸ்ஓ 14001. எல்லாம் முத்திரையோடு அழகாக இருக்கும். யூஎன் 38.3 என்பது செல்லைக் கப்பலிலும் விமானத்திலும் பாதுகாப்பாகக் கொண்டுபோகலாம் என்பதற்கு. ஐஎஸ்ஓ என்பது நிருவாக முறைக்கு. கோபால்ட் எந்த மண்ணில் இருந்து வந்தது என்று இவற்றில் ஒன்றுகூடச் சொல்லாது. நன்றி சொல்லிக் கோவையில் போட்டுவிட்டு, கேட்டதைத் திரும்பக் கேளுங்கள். "எங்கள் பொருள் மோதல் அற்றது", அதாவது ஆயுதக் குழுக்களுக்குப் பணம் போகாதது, என்று ஒரு பக்கக் கடிதம் வந்தாலும் அப்படித்தான்.

இன்னொரு குழப்பம் தோற்றச் சான்று. ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகைக்காக நீங்கள் எழுதும் தோற்றக் கூற்று சுங்கத் தீர்வைக்கானது. செல்லுக்கு "சீனா" என்று வரும் தோற்றமும் அதே வகை. செல் சீனாவில் செய்தது; கோபால்ட் கொங்கோவில், நிக்கல் இந்தோனேசியாவில், லித்தியம் அவுஸ்திரேலியாவில் வெட்டியதாக இருக்கலாம். கேள்விக்கொத்து கேட்பது இந்த இரண்டாவதை.

கொழும்பு புறக்கோட்டையில் வாங்கும் செல் என்றால் நிலைமை கடினம். இறக்குமதியாளரிடம் வணிகப் பட்டியலின் பிரதி, சுங்கப் பிரகடனத்தின் பிரதி, தொகுதி இலக்கம் மூன்றையும் கேளுங்கள். லித்தியம் அயன் பற்றரிக்கான சுங்கக் குறியீடு 8507.60; வேறு குறியீட்டில் வந்திருந்தால் உசாராகுங்கள். விலையை அவர் மறைத்துவிட்டுத் தரலாம், அது நியாயம். எதுவுமே தரமாட்டேன் என்றால் ஐரோப்பிய ஓடருக்கு அந்த செல்லைப் பாவிக்காதீர்கள். உள்ளூர் விற்பனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தயாரிப்பாளர் "வியாபார இரகசியம்" என்று மறுத்தால் இரண்டு வழி உண்டு. நிறையைச் சரியாகச் சொல்லாமல் வீத எல்லையாகத் தரச் சொல்லலாம். அல்லது உங்களைத் தாண்டி, இரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டு ஐரோப்பியக் கொள்வனவாளருக்கு நேரே அனுப்பச் சொல்லலாம். இரண்டாவது வழிக்குக் கொஞ்சம் பயப்படத்தான் வேண்டும், ஏனென்றால் அவர்கள் இருவரும் பிறகு உங்களை விட்டுவிட்டு வியாபாரம் பேசலாம். உங்களைத் தாண்டி வாங்கக்கூடாது என்ற வாசகத்தைக் கொள்வனவாளரோடு செய்யும் ஒப்பந்தத்தில் முதலே சேர்த்துவிடுங்கள்.

4. ஈஎம்ஆர்ரி கோப்பை நிரப்புதல்

பொறுப்பான கனிமங்களுக்கான முன்முயற்சி என்ற சர்வதேச அமைப்பு வெளியிடும் எக்செல் கோப்பு இது. இலவசம். 2025இல் வந்த 2.0 பதிப்பில் கோபால்ட், செம்பு, இயற்கைக் கிராபைட், லித்தியம், மைக்கா, நிக்கல் ஆறும் இருக்கின்றன. எந்தக் கனிமங்கள் வேண்டும், எந்தப் பதிப்பு வேண்டும் என்று கொள்வனவாளரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். பழைய பதிப்பில் நிரப்பி அனுப்பினால் திரும்பி வரும்.

கோப்பில் மொழி மாற்றும் வசதி உண்டு. தமிழ் இல்லை. சீனம் இருக்கிறது. செல் தயாரிப்பாளருக்கு அனுப்பும்போது சீனத்துக்கு மாற்றி அனுப்புங்கள். ஆங்கிலக் கோப்பு அங்கே விற்பனைப் பகுதியிலேயே தங்கிவிடும். சீனக் கோப்பு தரக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் போய்ச் சேரும். இதனால் எனக்குக் கிடைத்த பதில்களின் தரமே மாறியது.

கவனிக்க வேண்டிய இடம் பிரகடனத்தின் எல்லை. முழுக் கொம்பனிக்கா, குறித்த பொருளுக்கா என்று மேலேயே கேட்கும். பெரிய செல் கொம்பனி முழுக் கொம்பனிக்கான பிரகடனத்தைத் தரும். அதில் அவர்கள் பாவிக்கும் அத்தனை சுத்திகரிப்பு ஆலைகளும் வரிசையாக இருக்கும். உங்கள் செல்லுக்கு எது என்று அதில் தெரியாது. அதை அப்படியே பிரதி செய்து "இது என் பொருளுக்கு" என்று போடுவது பொய்ப் பிரகடனம். பொருள் மட்டக் கோப்பு கிடைக்காவிட்டால் உங்கள் கோப்பிலும் கொம்பனி மட்டம் என்றே குறித்து, காரணத்தைக் குறிப்பில் எழுதுங்கள்.

ஆலைப் பட்டியலில் ஒவ்வொரு சுத்திகரிப்பு ஆலைக்கும் சிஐடி என்று தொடங்கும் ஓர் அடையாள இலக்கம் இருக்கும். அந்த இடத்தில் ஹொங்கொங்கில் இருக்கும் ஏதாவது வர்த்தகக் கொம்பனியின் பெயரை எழுதி அனுப்புவார்கள். வாங்கி விற்பவர் ஆலை ஆகமாட்டார். இலக்கம் இல்லாத பெயர் ஒவ்வொன்றையும் திருப்பிக் கேளுங்கள்.

எந்தப் பிரதேசத்தில் இருந்து வந்தது என்ற கேள்விக்கு "தெரியாது" என்பதும் அனுமதித்த விடைதான். கடைசியில் சரிபார்க்கும் தாளில் நிரப்பாத பெட்டிகள் சிவப்பாகத் தெரியும். அந்தச் சிவப்பை இல்லாமல் செய்வதற்காக எதையாவது தெரிவுசெய்யும் ஆசை எல்லோருக்கும் வரும். செய்யாதீர்கள். நேர்மையான விடையைப் போட்டு, பக்கத்தில் உள்ள குறிப்புப் பெட்டியில் யாரிடம் எப்போது கேட்டீர்கள் என்று எழுதுங்கள்.

5. உங்கள் பட்டறையின் கடதாசிகள்

இதில் பெரிய வேலை இல்லை. வியாபாரப் பெயர்ப் பதிவு, வருமான வரி இலக்கம், ஊழியர் சேமலாப நிதிப் பட்டியல், ஊழியரின் அடையாள அட்டைப் பிரதிகள், உங்கள் வகைத் தொழிலுக்குத் தேவையானால் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம். இலங்கையில் வேலைக்கு எடுக்கும் குறைந்த வயது 2021 முதல் 16. ஆபத்தான வேலைக்கு 18. விடுமுறைக்கு வந்து பட்டறையில் நிற்கும் அக்காவின் மகன் செல் வெல்டிங் செய்வது வீட்டுக்குள் சாதாரண விடயமாக இருக்கலாம். அவனுக்கு 18 ஆகவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

கொள்கை ஒன்றும் கேட்பார்கள். பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்திக்கான சர்வதேச அமைப்பான ஓஈசிடி வெளியிட்ட, கனிமங்களைப் பொறுப்போடு வாங்குவதற்கான வழிகாட்டியில் இரண்டாம் இணைப்பாக ஒரு மாதிரிக் கொள்கை இருக்கிறது. அதைப் பின்பற்றி இரண்டு பக்கத்தில், உங்களால் உண்மையில் செய்யக்கூடியதை மட்டும் எழுதுங்கள். "எல்லாச் சுரங்கங்களையும் நேரில் பார்வையிடுவோம்" என்று எழுதிவிட்டு யார் போவது? முறைப்பாடு சொல்ல ஒரு தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சலும் கொடுத்து, அதைப் பட்டறைச் சுவரில் தமிழில் ஒட்டுங்கள்.

6. ஆபத்து தெரிந்தால்

உலகில் வெட்டும் கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கொங்கோ ஜனநாயகக் குடியரசில் இருந்து வருகிறது. ஆகவே என்எம்சி செல்லில் கொங்கோவின் பெயர் வருவது வழமை. அதைப் பார்த்துப் பயந்து மறைப்பவர்கள் உண்டு. "கொங்கோப் பொருள் வேண்டாம்" என்று ஒரேயடியாக வெட்டுபவர்களும் உண்டு. இரண்டும் பிழை என்பது என் முடிவு. கொங்கோவின் சுரங்க நகரான கொல்வேசிப் பக்கம் கையால் தோண்டி அன்றாடம் சாப்பிடும் குடும்பங்கள் இருக்கின்றன. எல்லோரும் வாங்க மறுத்தால் அவர்களின் அடுப்புத்தான் முதலில் அணையும், சுரங்கத்தில் பிள்ளைகள் இறங்குவது நிற்காது. ஓஈசிடி வழிகாட்டியும் இப்படித்தான் பிரித்துச் சொல்கிறது: கட்டாய உழைப்பு, மோசமான வகைச் சிறுவர் உழைப்பு, சித்திரவதை போன்றவற்றோடு தொடர்பு இருக்க நியாயமான சந்தேகம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். மற்ற ஆபத்துகளுக்கு வியாபாரத்தைத் தொடர்ந்துகொண்டே திருத்தம் கேட்டு, காலக்கெடு வைத்து, முன்னேற்றத்தை அளக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது சிறிது. ஆபத்து தெரிந்த அன்றே கொள்வனவாளருக்கு எழுதுங்கள், செல் தயாரிப்பாளரிடம் விளக்கம் கேளுங்கள், இரண்டையும் கோவையில் வையுங்கள். நிறுத்துவதா தொடர்வதா என்ற முடிவைக் கொள்வனவாளரோடு சேர்ந்து எடுங்கள்.

7. செலவு

படிவம் இலவசம், வழிகாட்டி இலவசம், ஒழுங்குவிதியின் வாசகம் இலவசம். உங்கள் செலவு பெரும்பாலும் ஆள்நேரம். கணினியும் ஆங்கிலமும் தெரிந்த ஒருவரை இதற்கென்று சில வாரங்கள் பகுதிநேரமாக வைத்தால் போதும்.

"ஐரோப்பியப் பற்றரிச் சான்றிதழ்" எடுத்துத் தருகிறோம் என்று டொலர் கணக்கில் விலை சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். என்னிடமும் ஓர் ஆலோசனைக்காரர் கேட்டார். சிறு விநியோகத்தர் எடுக்க வேண்டிய அப்படியொரு சான்றிதழ் ஒழுங்குவிதியில் இல்லை. மூன்றாம் தரப்புச் சரிபார்ப்பு, பற்றரியைச் சந்தையில் இறக்கும் பெரிய கொம்பனியின் கடமை. செய்ய வேண்டியது ஐரோப்பாவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பு. அவர்கள் உங்கள் பட்டறையைப் பார்க்க வருவதானால் பயணச் செலவும் கணக்காய்வுக் கட்டணமும் யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எழுதாவிட்டால் அது உங்கள் தலையில்தான் விழும், ஒரு சிறு ஓடரின் இலாபம் முழுவதும் அதோடு போய்விடும்.

8. காலம்

செல் தயாரிப்பாளரிடம் இருந்து ஒழுங்கான பதில் வர மாதக்கணக்கில் ஆகும். சீனப் புத்தாண்டை ஒட்டி ஜனவரி கடைசியிலும் பெப்ரவரியிலும் தொழிற்சாலைகள் பூட்டியிருக்கும். ஒக்ரோபர் முதல் வாரமும் விடுமுறை. ஓகஸ்டில் ஐரோப்பியக் கந்தோர்களில் ஆள் இருக்காது, அதே நாட்களில் இங்கே நல்லூர்த் திருவிழா. மார்ச்சில் இருந்து ஜூலை வரை, செப்டெம்பர், நொவெம்பர் ஆகியவைதான் வேலை நகரும் மாதங்கள். விலை பேசும்போதே செல் தயாரிப்பாளருக்குக் கேள்வியை அனுப்பிவிடுங்கள். முற்பணம் கட்டிய பிறகு கேட்டால் பதில் சொல்ல அவருக்கு அவசரம் இருக்காது. "ஆவணங்கள் கிடைத்த பின்பே மீதிப் பணம்" என்ற நிபந்தனையைக் கொள்வனவுக் கட்டளையில் போடுவது நல்ல பலன் தரும்.

9. கையெழுத்தும் கோவையும்

பிரகடனத்தில் பெயர் போடுபவர் கோப்பை முழுதாக வாசித்தவராக இருக்க வேண்டும். கணக்குப் பிள்ளையின் பெயரைப் போட்டு அனுப்பாதீர்கள். கேள்வி வரும்போது அந்தப் பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டி வரும்.

பெரிய கொம்பனி தன் ஆவணங்களைக் கடைசிப் பற்றரியைச் சந்தையில் இறக்கிய பின் 10 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஒப்பந்தத்தில் உங்களுக்கும் அதே காலத்தைப் போட்டிருப்பார்கள். மின்னஞ்சல்களைப் பிடிஎஃப் ஆக்கி, தொகுதி இலக்கப்படி பிரித்து, இரண்டு இடத்தில் வையுங்கள். கைத்தொலைபேசியில் மட்டும் இருக்கும் வட்ஸ்அப் உரையாடலை நம்ப வேண்டாம்.

செல் மொடல் மாறினால், தயாரிப்பாளர் மாறினால், படிவத்தின் பதிப்பு மாறினால் முதல் தாளில் இருந்து திரும்பத் தொடங்க வேண்டும். ஒட்டுப்பட்டி வாங்கும் கடையை மாற்றினாலும் அந்தத் தாளைத் திருத்துங்கள்.